2^64 + 1: ஒருவழியாக உடைந்தது

18446744073709551617 = 274177 × 67280421310721.

2^(2^n) + 1 வடிவ எண்களில் n = 6 ஆகும்போது வரும் ஆறாம் ஃபெர்மா எண் இது. பிரெஞ்சுக் கணிதர் லாண்ட்ரி 1880-லேயே கண்ட விடைதான், புதிதாக எதுவும் இல்லை. இதன் காரணிகள் எல்லாம் 256-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்கும். அதனால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனாலும் 1071-ஆவது முயற்சியில் சிக்கிவிடும். ஆனால் அதில் என்ன ருசி? பொல்லார்டின் பி−1 முறையில் (ஓர் அடிமானத்தைப் பெரிய அடுக்குக்கு உயர்த்தி, 1 கழித்து, அதற்கும் உடைக்க வேண்டிய எண்ணுக்கும் மீ.பெ.கா பார்ப்பது; காரணியில் 1 குறைத்த எண் அந்த அடுக்கை வகுத்தால் காரணி சிக்கும்), பெரிய எண்களுக்கான நூலகம் எதையும் தொடாமல், 64 பிட் முழு எண்களை மட்டும் வைத்து உடைப்பதுதான் பந்தயம்.

வம்பே அங்குதான். 64 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணைவிட இது சரியாக 2 அதிகம். அப்படியே மாறியில் போட்டால் சத்தமில்லாமல் 1 ஆகிவிடும். பிறகு எதை வகுத்தாலும் மீதி 0. ஆகவே எண்ணைச் சேமிக்கவே கூடாது. இந்த எண்ணால் வகுத்த மீதிக் கணக்கில் 2^64-க்குப் பதில் −1 என்று வைத்துக்கொண்டால் வகுத்தலே வேண்டாம்: 128 பிட்டில் வரும் பெருக்கல் விடையின் கீழ்ப்பாதியிலிருந்து மேல்பாதியைக் கழித்து, கடன் வாங்க நேர்ந்தால் 1 கூட்டினால் போதும். மீ.பெ.கா-வுக்கு மட்டும் முதல் படியில் 2^64 − 1-இன் மீதியை எடுத்து 2 கூட்ட வேண்டும்.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. மேல்பாதி கீழ்ப்பாதியைவிடச் சரியாக 1 அதிகமானால் விடை 2^64. அது 64 பிட்டில் 0 ஆகிவிடும். அடிமானம் 3 என்றால் இப்படி ஆவதற்கு வாய்ப்பு இல்லாத மாதிரிதான். அடிமானம் 2 போட்டால் 2^32-ஐ வர்க்கப்படுத்தும்போதே விழுந்துவிடும். அந்த நிலையைக் குறிக்கத் தனிக் கொடி (ஆம்/இல்லை மாறி) ஒன்று வைத்துத்தான் சரியானது.

சரிசெய்த பிறகும் அடிமானம் 2 உருப்படவில்லை. 1 முதல் மேல்வரம்பு வரையான எண்களின் மீ.சி.ம-வை அடுக்காக ஏற்றிக்கொண்டே போனால் 127 வரை மீ.பெ.கா 1, 128-இல் முழு எண்ணும் அப்படியே வந்து நிற்கிறது. காரணம் எளிது: இரண்டு காரணிக்கும் 2-இன் வரிசை (எந்த அடுக்கில் மீதி முதன்முதலாக 1 ஆகிறதோ அது) அதே 128. எந்த ஃபெர்மா எண்ணுக்கும் இதே கதிதான், 2-ஐத் தொடாதீர்கள்.

அடிமானம் 3-இல் வேறு கூத்து. சிறிய காரணியில் 1 குறைத்தால் 274176 = 2^8 × 3^2 × 7 × 17. அப்படியானால் 17-இலேயே விழ வேண்டும் அல்லவா? விழாது. 17 வரையான மீ.சி.ம 12252240, அதில் 2-இன் அடுக்கு 4 மட்டும். 3-இன் வரிசைக்கு 2^5 வேண்டும். அதனால் 274177-ஆல் வகுத்த மீதி 1-க்குப் பதில் −1. மீ.பெ.கா 1 என்றே காட்டும். 32 வந்ததும் 274177 விழுகிறது. 1-ஐக் கழிக்காமல் கூட்டியிருந்தால் 17-இலேயே கிடைத்திருக்கும்! இன்னும் நேர்வழி, காரணியின் வடிவம் தெரிந்ததுதானே, 2^8-ஐத் தொடக்கத்திலேயே ஏற்றிவிடுவது. அப்போதும் 17-இல் முடிந்துவிடும்.

67280421310721 பகா எண்தானா என்ற சோதனை இன்னும் பாக்கி. அதற்குள் கை 2^128 + 1 பக்கம் போகிறது. அதன் சிறிய காரணியே 17 இலக்கம், 59649589127497217. மோரிசனும் பிரில்ஹார்ட்டும் 1970-இல் உடைத்தது. நான் அங்கே போடப்போவது பொல்லார்டின் இன்னொரு முறையான ரோதான் (மீதியைத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி ஓர் எண்ணைக் கூட்டி, சுழற்சி வரும்வரை போவது). வர்க்கத்துக்குப் பதில் 512-ஆம் அடுக்கு போட்டால் சுற்றுகள் குறையும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் 9 வர்க்கம். கழித்தல் தந்திரம் 128 பிட்டிலும் செல்லும், பெருக்கலை மட்டும் நான்கு துண்டாக உடைக்க வேண்டும்.