'டக்' சத்தத்தை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்

படகு டிரெய்லரை வண்டியில் மாட்டும்போது, டிரெய்லரின் முன்நுனியில் கிண்ணம் போல இருக்கும் கப்ளர், வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தின் மேல் இறங்கி 'டக்'கென்று ஒரு சத்தம் வரும், தாழ்ப்பாளும் படுத்துவிடும், சரி மாட்டியாச்சு என்று கிளம்பிவிடுவோம். நானும் அப்படித்தான் ஒரு நாள் கிளம்பினேன். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்னால் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் கப்ளர் பந்தை விட்டுக் கழன்று, டிரெய்லரின் முன்தண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் மேல் கிடந்தது. இரண்டு சங்கிலிகளையும் முன்தண்டுக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்காக மாட்டியிருந்ததால் அவை தொட்டில் போலத் தாங்கிவிட்டன. இல்லாவிட்டால் நுனி நேராகத் தரையில் குத்தியிருக்கும்.

நடந்தது இதுதான். கப்ளருக்குள் இருக்கும் நாக்கு பந்தின் கழுத்தைக் கவ்வ வேண்டும், அன்று அது பந்துக்கு அடியில் போகாமல் பக்கவாட்டில் ஒட்டி நின்றுவிட்டது. மேலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

அன்றிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டு, அது திறந்துகொள்ளாமல் தடுக்கும் பின்னைச் (pin) செருகியதும், முன்தண்டை ஏற்றி இறக்கும் ஜாக்கின் கைப்பிடியைச் சுற்றி முன்தண்டை மேலே தூக்கிப் பார்க்கிறேன். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து ஓரிரண்டு அங்குலம் எழும்பினால் கப்ளர் பிடித்திருக்கிறது. கப்ளர் மட்டும் தனியாக எழும்பி வந்தால் பிடிக்கவில்லை, முதலிலிருந்து மாட்ட வேண்டும். அரை நிமிட வேலை, தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

பந்தின் அளவையும் பாருங்கள். 2 அங்குலக் கப்ளர் 1⅞ அங்குலப் பந்தின் மேலும் ஒழுங்காக உட்காரும், தாழ்ப்பாளும் விழும், ஆனால் ஒரு குலுக்கலில் துள்ளிக் கழன்றுவிடும். அளவு பெரும்பாலும் பந்தின் தலையிலேயே பொறித்திருக்கும், கப்ளரிலும் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று படித்துப் பார்த்துவிட்டே மாட்டுங்கள். கப்ளர் இறங்கும்போது கையால் தள்ளி நேராக்கப் போகவே வேண்டாம், விரல் இடையில் மாட்டினால் அவ்வளவுதான். பந்து சரியாக அமையாவிட்டால் வண்டியைத்தான் நகர்த்த வேண்டும், அப்போது வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது.

கழற்றுவதில்தான் எனக்கு இன்னும் பயம் அதிகம், ஏனென்றால் அப்போது களைப்பாக இருப்போம், வீட்டுக்குப் போகும் அவசரம் வேறு. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் மற்ற எதையும் தொட வேண்டும். அப்புறம் ஜாக்கை இறக்குங்கள். ஜாக் தரையைத் தொட்டதும் எடை அதன் மேல் ஏறுவது கைப்பிடி இறுகுவதில் தெரியும். இறுகாமல் லேசாகவே சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள், எடை முழுக்க டிரெய்லரின் பின்பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். படகின் எஞ்சின் பின்னால்தான் இருக்கிறது, அதோடு தேங்கிய தண்ணீரும் சாமான்களும் பின்னால் சேர்ந்துவிட்டால், தாழ்ப்பாளைத் திறந்த நொடியில் முன்தண்டு விருட்டென்று மேலே எழும். குனிந்து நிற்பவரின் தாடை அங்கேதான் இருக்கும். முதலில் தண்ணீரை வடித்து, சாமான்களை முன்னால் கொண்டுவந்துவிட்டு அப்புறம் திறங்கள். கப்ளர் பந்தை விட்டு முழுதாக எழும்பி, டிரெய்லர் அசையாமல் நிற்கிறது என்று தெரியும்வரை சங்கிலிகள் மாட்டியபடியே இருக்கட்டும்.

படகைத் தண்ணீரில் இறக்கும் துறையின் சரிவில் டிரெய்லரைக் கழற்றவே வேண்டாம். படகு தண்ணீரில் மிதக்கும் முன், அதை டிரெய்லரோடு இழுத்துப் பிடித்திருக்கும் வின்ச் பட்டையையும் அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் படகு சரிந்து தரையில் விழும். விளக்கு வயரைத் தண்ணீருக்குள் போகும் முன்பே பிடுங்கிவிடுங்கள், சூடான பல்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும்.

கழற்றி வைத்த டிரெய்லரின் சக்கரக் கட்டைகளை நான் இடையில் எடுப்பதே இல்லை. அடுத்த முறை மாட்டி, ஜாக்கால் தூக்கி, வண்டியின் பின்பக்கம் எழும்புவதைப் பார்த்த பிறகுதான் கட்டையில் கை வைப்பேன்.