வடித்துக் கொட்டும் தண்ணீர்

மார்ச் 9, 2025, ஞாயிறு

சமயபுரத்தில் இன்று பூச்சொரிதல். தெருவில் பாதிப் பேர் பூத்தட்டோடு போய்விட்டார்கள். அம்மன் இன்று முதல் 28 நாள் பச்சைப் பட்டினி. உலகத்து மக்கள் நோய் நொடியின்றி இருக்க அவளே விரதம் இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், இளநீர், பானகம், கரும்பு அவ்வளவுதான். லால்குடிக்கு வாழ வந்த நாளிலிருந்து நானும் கூடவே விரதம் இருந்தவள். இந்த வருடம் சிறுநீரகம் கெட்டுவிட்டதால் டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது என்பதற்காக மட்டும் இல்லை. இளநீரும் பானகமும் கரும்பும்தான் எனக்கு ஆகாதவற்றில் முதலில் நிற்கின்றன. அவளுக்குப் படைப்பதை நான் தொடக் கூடாது என்றால் மனம் எப்படி ஒப்பும்? சாயங்காலம் வரை யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் 5.7. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, கிரியாட்டினின், 3.1.

மார்ச் 12, புதன்

நான் கிரியாட்டினினைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். டாக்டர் வட்டம் போட்டுக் காட்டியது பொட்டாசியத்தை. 5-க்குள் இருக்க வேண்டுமாம். ஏறினால் வலிக்காது, வீங்காது, உடம்பு முன்கூட்டிச் சொல்லாது, நேராக இதயத் துடிப்பில் கைவைக்கும் என்றார். ஈசிஜி பார்த்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு பொடி கொடுத்திருக்கிறார்கள். கரைய மாட்டேன் என்கிறது, பல்லில் மணலாக நெறிபடுகிறது.

காயைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிக்க வேண்டும். குக்கரில் வைத்தால் பொட்டாசியம் காயோடேயே தங்கிவிடும். இன்று புடலங்காய். வடித்த தண்ணீர் இளம்பச்சையாக, ஆவி பறக்க, காயின் வாசனை முழுவதும் அதில்தான் இருந்தது. தட்டில் விழுந்தது சக்கை. காய் வெந்த தண்ணீரை ரசத்தில் சேர், அரிசி களைந்ததை மாட்டுக்கு வை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். சாக்கடையில் ஊற்றக் கை வரவில்லை. இவர்தான் பாத்திரத்தை வாங்கி, "கொல்லை வாழைக்கு ஊற்றுகிறேன், அதுதான் பொட்டாஷ் பொட்டாஷ் என்று கேட்கும்" என்று எடுத்துப் போனார்.

மார்ச் 15, சனி

சர்க்கரை நோய்க்காக இத்தனை வருடம் என்னென்ன பழகினேன்! கேழ்வரகுக் கூழ், முழுப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், தினம் ஒரு கீரை, நாலைந்து பாதாம். இப்போது அத்தனையும் தலைகீழ். கேழ்வரகில் பாஸ்பரஸ், கீரையில் பொட்டாசியம், பயறில் இரண்டும். ஒதுக்கி வைத்த வெள்ளை அரிசியை அளவாகச் சாப்பிடுங்கள் என்கிறார்கள். யாரிடம் கோபித்துக்கொள்வது? அப்போது சொன்னதும் சரி, இப்போது சொல்வதும் சரி. நடுவில் மாறிப்போனது என் சிறுநீரகம்.

புரதம் கிலோவுக்கு 0.6 கிராம். என் 60 கிலோவுக்கு நாளைக்கு 36 கிராம். ஒரு முட்டை வெள்ளைக்கரு மூன்றரை கிராம் போல வருகிறது. இட்லி, சோறு, ஒரு கரண்டிப் பருப்பு, சின்னக் கிண்ணம் தயிர் என்று கூட்டிக்கொண்டே போனால் ராத்திரிக்குள் கணக்கு முடிந்துவிடுகிறது. ஒரேயடியாகக் குறைத்தாலும் சதை கரைந்துவிடுமாம். புரதத்தை அடியோடு விட்டுவிட்டு எலும்பும் தோலுமாக வருகிறவர்களைப் பார்த்தால்தான் தனக்கு அதிகக் கவலை என்று உணவு ஆலோசகர் பெண் சொன்னாள். நல்ல பெண். நிதானமாக, என் சமையலைக் கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

தாகம்.

மார்ச் 22, சனி

மருமகள் ஆசையாக ஒரு உப்புப் பொட்டலம் வாங்கி வந்தாள், சோடியம் குறைந்த உப்பு. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிதான் என்று நான் படுகிற பாட்டைப் பார்த்து வாங்கியிருக்கிறாள். இட்லி மாவில் போடுவதும் அதற்குள் அடக்கம் அல்லவா. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார். பொட்டாசியம் குளோரைடு. "இது நாம் வாழைக்கு வைக்கிற பொட்டாஷ் அம்மா, மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்" என்றார். கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடப்பதும் இதுவும் ஒரே சரக்கு. இரத்தக் கொதிப்பு மட்டும் இருக்கிறவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். என்னைப் போன்றவர்களுக்கு விஷம். பொட்டலத்தின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் ஆரோக்கியம் என்கிறது. சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்பது பின்பக்கம், எறும்பு அளவு எழுத்தில். படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? இதை நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்துப்புக்கு மாறச் சொல்கிறாள் நாத்தனார். அதுவும் சோடியம்தான்.

மார்ச் 28, வெள்ளி

விடியற்காலையில் உடம்பு நடுங்கி வேர்த்துக் கொட்டியது. சர்க்கரை 58. இவர் பதறிப்போய்ச் சாத்துக்குடி பிழிய ஓடினார். சாறு வேண்டாம், குளுக்கோஸ் போதும் என்று கையைக் காட்டினேன். இன்சுலினைக் குறைத்துவிட்டார்கள். ஊசியின் அளவு குறைந்தால் சர்க்கரை குணமாகிறது என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். சிறுநீரகம் சுருங்கச் சுருங்க இன்சுலினை வெளியேற்ற முடியாமல் உடம்பிலேயே தங்குகிறது, அதனால்தான் குறைவாகத் தேவைப்படுகிறது. அவர்கள் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 2, புதன்

இடது கையில் இனி ஊசி குத்த விடக் கூடாது, இரத்த அழுத்தமும் அந்தக் கையில் பார்க்கக் கூடாது. இரத்த நரம்பைப் பத்திரப்படுத்த வேண்டுமாம். "டயாலிசிஸ் இப்போதே இல்லை அம்மா. அதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்துலா போட்டால் பக்குவப்பட மாதக்கணக்கில் ஆகும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்" என்றார் டாக்டர். இப்போதே இல்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த இரண்டு சொல்தான் ஓடியது.

கண்ணாடி வளையலை இந்தக் கையில் மட்டும் எப்படிக் கழற்றுவேன்?

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மன் விரதம் முடிந்தது.

ஏப்ரல் 9, புதன்

எதிர்வீட்டு அக்கா ஒரு சொம்பு வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்து, குடித்தால்தான் போவேன் என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் தம்பிக்குக் கல் கரைந்ததாம். கல் வேறு, என்னுடையது வேறு என்று சொன்னேன். கேட்கவில்லை. பூ, தண்டு, காய், பழம் எல்லாமே பொட்டாசியம், இந்த வாழையில் எனக்கு மிஞ்சியது இலை மட்டும்தான் அக்கா, அதில்தான் சாப்பிடுகிறேன் என்றதும் அழுதுவிட்டார். அவர் அன்பு பொய்யில்லை. ஆனால் சிறுநீரகம் என்ற சொல்லைக் கேட்டதும் தண்டுச் சாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் இந்த வழக்கம் உயிரோடு விளையாடுவது. இனி யார் வந்தாலும் சொல்வேன், கோபித்துக்கொண்டாலும் சொல்வேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடி ஒரு தேக்கரண்டி, வெல்லம் தொட்டும் தொடாமலும். வேப்பம்பூ நிறையப் போட்டேன். அப்பளம் பொரித்த வாசனை கொல்லை வரை வந்தது, அந்தப் பக்கம் போகவில்லை. பச்சடி நன்றாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

பொட்டாசியம் 4.8! சீட்டைப் பிடித்துக்கொண்டு சத்திரம் பஸ் நிலையத்தில் நின்றபடியே மகனுக்குப் போன் செய்தேன். வடித்துக் கொட்டியதெல்லாம் வீண் போகவில்லை. கிரியாட்டினின் 3.3, சிறுநீரகம் வடிகட்டும் அளவைச் சொல்லும் ஜிஎஃப்ஆர் 17-லிருந்து 16. அதை அவனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

நாளை கை நரம்புக்கு டாப்ளர் ஸ்கேன். இவருக்குத் தார் வெட்டு, ஆள் சொல்லியாகிவிட்டது. மகன் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறுகிறான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. எதற்கு வருகிறான் என்று எனக்குத் தெரியும். போன வாரம் நான் கேட்காமலே தன் இரத்த வகையைச் சொன்னான். அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, கைக்குழந்தை வேறு. முடியாது என்பதைப் போனில் சொல்லக் கூடாது, நேரில்தான் சொல்ல வேண்டும். மருமகள் எதிரில் சொல்வதா, தனியாகச் சொல்வதா என்றுதான் புரியவில்லை. விடிவதற்குள் வந்துவிடுவான், இன்னும் மாவு அரைக்கவில்லை.