ஆச்சிக்கு யார் சோறு வைப்பார்கள்?

"நெக் க்ரூ, உங்க பாட்டிக்குப் பசிக்காதா?"

வாழையிலையில் அன்சோம் என்ற பசையரிசிப் பலகாரத்தை மடிக்கப் பழகிக்கொண்டிருந்த ஐந்து வயதுக்காரி தலையை நிமிர்த்திக் கேட்டாள். இங்கே பிள்ளைகள் டீச்சரை நெக் க்ரூ என்றுதான் கூப்பிடுவார்கள். அது ப்சும் பென் நாட்கள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் 15 நாள் நடக்கும் இந்தத் திருவிழாவுக்குக் கம்போடியாவே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். செத்துப்போனவர்கள் பசியோடு விகாரை விகாரையாக அலைவார்களாம். ஏழு விகாரை ஏறி இறங்கியும் தன் வீட்டார் படைத்த சோறு கிடைக்காவிட்டால் சபித்துவிட்டுப் போவார்களாம். அதனால் விடியற்காலை நாலு மணிக்கே எள் கலந்த சோற்றை உருண்டை பிடித்து இருட்டுக்குள் எறிகிறார்கள்.

என் ஆச்சி இறந்துவிட்டதை முந்தின வாரம்தான் வகுப்பில் சொல்லியிருந்தேன். பிள்ளை யோசித்திருக்கிறது. பேத்தி இங்கே இருந்தால் அங்கே சோறு வைப்பது யார்?

"எங்க அம்மா இருக்காங்க, பாத்துக்குவாங்க" என்றேன். அவளுக்கு அது போதும். மறுபடி இலையை மடிக்கக் குனிந்துவிட்டாள். எனக்கு அன்று முழுக்கத் தொண்டை அடைத்தே இருந்தது.

நான் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுக்காரி. திருச்சிலுவைக் கோவிலும் சவேரியார் குகையும் இருக்கிற குன்றின் அடிவாரத்தில் வளர்ந்தவள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தமிழில் செபங்களை மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிய கதையை ஆச்சி எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. நான் கன்னியர் சபையில் சேர்ந்து, பிறகு கம்போடியாவுக்குப் போகிறேன் என்றபோது அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆச்சிதான் சொன்னாள்: "அவரு நம்மளத் தேடிக் கடல் தாண்டி வந்தாருல்லா. நம்ம பிள்ள ஒருத்தி போனா என்னவாம்?"

அந்த ஒரு சொல்லில்தான் நான் வந்தேன்.

பட்டம்பாங் மாகாணத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். நாங்கள் சகோதரிகள் சிலர் சேர்ந்து ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறோம். விடியற்காலை செபம், பூசை, அப்புறம் பிள்ளைகள். மத்தியானம் ஊரே ஊஞ்சல் கட்டித் தூங்கும். சாயங்காலம் மோட்டோவில் வீடு வீடாகப் போவோம். காய்ச்சல்காரருக்கு மாத்திரை, பள்ளியை விட்டு நின்ற பையனிடம் பேச்சு, கிழவிகளோடு வெற்றிலை. நாட்டில் ஒன்றே முக்கால் கோடிப் பேர் இருந்தால் கத்தோலிக்கர் இருபதாயிரம் அளவில்தான். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைக்கு நாலைந்து குடும்பம் வந்தால் நல்ல கூட்டம். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பாயில் கால்மடக்கி உட்கார்ந்து, ஊதுபத்தி கொளுத்தி, இந்த நாட்டு க்மேர் மெட்டில் பாடுவார்கள். அந்தப் பாயில் உட்கார்ந்ததும் என் மனசு தானாக அடங்கும்.

சாப்பாட்டில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ப்ரஹோக் என்று இங்கே புளிக்கவைத்த மீன் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மூடியைத் திறந்ததும் வாசலுக்கு ஓடுவார்கள். கருவாடு காயும் முற்றத்தில் வளர்ந்தவளுக்கு அது அம்மா வீட்டு வாசனை. முதல் தடவை நான் சோற்றில் பிசைந்து சாப்பிட்டபோது பக்கத்து வீட்டு யெய் கைதட்டிச் சிரித்து, ஒரு குப்பி நிறையக் கொடுத்தனுப்பினார். யெய் என்றால் பாட்டி. அன்றிலிருந்து நான் அவர் வீட்டுப் பிள்ளை. என்னை வெயிலில் நடக்க விடமாட்டார். கல்யாணம் வேண்டாம் என்று நான் முடிவெடுத்ததை மட்டும் இன்னும் அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஊர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் போனில் சொல்கிறேன். பொய்யில்லை. ஆனால் நவம்பர் 2 வந்துவிட்டால் நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லவே முடியாது.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே தம்பி மண்வெட்டியோடு போய்ப் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடிப்பான். அன்று சாயங்காலம் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியுமாக ஊரே திரளும். கடல்காற்றில் ஒரு திரியும் நிற்காது. மணலில் குழி தோண்டி, கையை அணைத்துப் பிடித்து, அணைய அணைய ஏற்றிக்கொண்டே இருப்போம். உருகின மெழுகைச் சின்னப் பிள்ளைகள் உருட்டிப் பந்து செய்யும். ஃபாதர் வரிசை வரிசையாக மந்திரித்துக்கொண்டு வருவார். "நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று அவர் தொடங்கினால் இருட்டுக்குள்ளிருந்து மொத்த ஊரும் பதில் சொல்லும். தாத்தா கல்லறைக்குப் பக்கத்தில் ஆச்சி சப்பணம் போட்டு உட்கார்ந்து, அந்த வருஷத்துச் செய்தியெல்லாம் அவரிடம் ஒப்பிப்பாள். யார் வீட்டில் கல்யாணம், யார் வலையில் நல்ல பாடு, யாரோடு சண்டை.

அவளும் இப்போது அங்கேதான். அடக்கத்தை நான் போனில் பார்த்தேன். அப்பா பெட்டியைத் தூக்கும்போது சிக்னல் விட்டுப்போய், மறுபடி வந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். ஒரு பிடி மண் நான் போடவில்லை. கடவுளுக்காக வீட்டை விட்டவளுக்கு இதெல்லாம் பெரிதா என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். பெரிதுதான். அது வலிக்கவில்லை என்று பீடத்தின் முன்னால்கூட என்னால் சொல்ல முடியாது.

அந்த ப்சும் பென்னில், விகாரைக்குப் புறப்பட்ட யெய்யிடம் பிள்ளை கேட்டதைச் சொல்லி அழுதேன். அவர் அழவில்லை. "உனக்குக் கல்லறை எங்கேன்னு தெரியும்" என்றார். அவர் அண்ணனைக் க்மேர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டுகள் ஆண்ட காலத்தில் கம்போங் தோம் பக்கம் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனார்களாம். அதோடு சரி. 1975 முதல் 1979 வரை பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் வரை செத்த நாடு இது. எந்தக் குழியில் யார் கிடக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் எந்த விகாரைக்கு வருவானோ என்றுதான் ஏழுக்கும் போகிறார் யெய். சோற்று உருண்டை இறந்தவர் வயிற்றுக்குப் போகும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கல்லறையே இல்லாத ஊரில் இந்த 15 நாள்தான் கல்லறைத் தோட்டம் என்பது அன்று எனக்கு விளங்கியது. எங்கள் கோவிலிலும் இறந்தோருக்கான பூசையை இந்த நாட்களில்தான் வைக்கிறோம். க்மேர் பெயர்களுக்கு நடுவே ஆச்சியின் பெயரைத் தமிழில் எழுதிப் பீடத்தில் வைத்தேன்.

கம்போங் தோம் என்றதும் எனக்கு ஜோசப் ச்மார் சாலாஸ் ஞாபகம் வந்தார். இந்த நாட்டின் முதல் க்மேர் ஆயர். பிரான்சில் இருந்தவர், ஆபத்து தெரிந்தே திரும்பி வந்தார். 1975 ஏப்ரல் 14 அன்று அவசர அவசரமாக ஆயராக அபிஷேகம் செய்தார்கள். மூன்றே நாளில் தலைநகர் நோம் பென் க்மேர் ரூஜ் கையில் விழுந்தது. வயலில் வேலை வாங்கியே அவர் உடம்பை உருக்கிவிட்டார்கள். 1977இல் கம்போங் தோமின் தாங் கோக்கில் இறந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. நோம் பென் பேராலயத்தைக் கல் கல்லாகப் பெயர்த்துவிட்டார்கள். 1990 ஈஸ்டரில்தான் மறுபடி வெளிப்படையாகப் பூசை வைக்க முடிந்தது. நான் சந்தோஷமாகப் பாயில் உட்காருகிறேனே, அது இவர்களெல்லாம் செத்துக் காத்த இடம். சோர்வு வரும்போது நான் செபமாலையை அவரை நினைத்துத்தான் தொடங்குவேன்.

தாங் கோக்கில் ஆண்டுதோறும் அவர் நினைவாகக் கத்தோலிக்கர் கூடிச் செபிக்கிறார்கள். இந்த முறை எங்கள் ஊரிலிருந்தும் போகிறோம். யெய்யிடம் சொன்னதும் நானும் வருகிறேன் என்றார். "உங்க சாமி கும்பிடுற இடத்துல என் அண்ணன் பேரைச் சொல்லலாமா?" என்று கேட்டார். சொல்லலாம், நானே வாசிக்கிறேன் என்றேன். தொன்லே சாப் ஏரியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பகல் பிடிக்கும், அவருக்கோ முழங்கால் வலி. வேனில் முன் சீட்டை அவருக்கு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.