வெள்ள மட்டமும் சர்வே கல்லும்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தொடர்பான கோப்புகளோடு நில அளவையாளராகப் பழகிய எனக்கு, அங்கே சட்டம் போதவில்லை என்ற பேச்சில் உடன்பாடு இல்லை. ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடாயிற்று, 2022-இல் 1,247.54 ஹெக்டேர் ராம்சார் தலமானதும் (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்), 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் அப்பரப்பில் வனச் சட்டங்களின் கீழ் வராத பகுதிக்குப் பொருந்தின. ஆக்கிரமிப்பையும் குப்பை கொட்டுவதையும் அவ்விதிகள் தடுக்கின்றன. அந்தச் சட்டத்தைத் தரையில் கோடாக இறக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

விதிகள் அமலுக்கு வந்த நாளிலிருந்து பின்னோக்கிய பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கிறது நான்காம் விதி. இதைப் புலப்படத்தில், அதாவது சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடத்தில், குறிக்க உட்கார்ந்தால், அதில் எல்லைக்கோடுகளும் அவற்றின் நீளமும் கல் நட்ட மூலைகளும் இருக்கும். தரையின் உயரமோ, தண்ணீர் எதுவரை ஏறியது என்பதோ இருக்காது. பள்ளிக்கரணை போன்ற தட்டையான நிலத்தில் நீர் ஒரு சாண் உயர்ந்தால் கரை பல சர்வே எண்களைத் தாண்டிவிடும். மழை ஓய்ந்தபின் சுற்றுச்சுவர்களிலும் கோரைத் தண்டுகளிலும் படிந்திருக்கும் சேற்றுத் தடத்தைப் பார்த்தே வெள்ளம் எங்கே நின்றது என்று கண்டுகொள்வோம். சுவருக்கு வெள்ளையடித்தால் அந்தச் சாட்சியமும் போய்விடும். 2015 வெள்ளம் அந்தப் பத்தாண்டுக்குள் அடங்கும், 2023 மிக்ஜாம் புயல் வெள்ளம் அடங்காது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. ஆனால் பாசனத்துக்கென அமைக்கப்பட்ட நீர்நிலைகளை ஈரநில விதிகள் தம் வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. எனினும் நீர் வரும் இடம் ஒரு சட்டத்திலும் சேரும் இடம் மற்றொன்றிலும் இருக்கும்போது, இடையிலுள்ள வாய்க்கால் புறம்போக்கு கேட்பாரற்றுப் போகிறது.

ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும், எல்லையும், ஈரநிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பரப்பான தாக்கப் பகுதியும் ஆய்ந்து வரையறுக்கப்படும்வரை கட்டட அனுமதி வழங்கக் கூடாதென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-இல் உத்தரவிட்டது. இந்த அவகாசத்திலேயே தரையின் உயரத்தைக் கணக்கிடும் மட்ட அளவெடுப்பு நடத்தி, வெள்ள மட்டத்தை ஒவ்வொரு புலப்படத்திலும் ஏற்றி, அந்தக் கோட்டில் கல் நட வேண்டும். வரத்து வாய்க்கால்களையும் தாக்கப் பகுதியில் சர்வே எண் வாரியாகச் சேர்க்க வேண்டும்.