முழுப்பேரும் அரைப்பேரும்

நம் ஆங்கில மாஸ்டர் காலமான செய்தி இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து வந்த அன்றே பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். எழுத எவ்வளவோ இருக்கிறது. விடுதியின் காலை மணி, ரொட்டியும் கட்டைச்சம்பலும், மழை நாளில் அசெம்பிளி மண்டபத்துக்குள் மாறுவது, மஸ்கெலியா பஸ்ஸுக்கு ஓடுவது எல்லாவற்றையும் வேறு யாராவது எழுதுவார்கள். எனக்கு அவரைப் பற்றி எழுத வேண்டும். அதிலும், ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் ஒரு பாடசாலைத் தவணை முழுக்க நடத்திய பாடத்தைப் பற்றி எழுத வேண்டும்.

'கெட்' (get) என்பதுதான் அந்தச் சொல். எங்களுக்குப் பின் வந்த வகுப்புகள் அவரைக் கெட் மாஸ்டர் என்றே அழைத்ததாகக் கேள்வி. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களிடம் இருந்த ஆங்கிலத்தில் பாதி அந்தச் சொல்லாகத்தான் இருந்தது. கடிதம் வந்தாலும் கெட், காய்ச்சல் வந்தாலும் கெட், வீடு வந்து சேர்ந்தாலும் கெட். கரும்பலகையின் மூலையில் அதை எழுதி வட்டம் போட்டார். தவணை முடியும்வரை கட்டுரையில் யாரும் அதைத் தொடக்கூடாது என்றார்.

கடிதம் வந்தால் ரிசீவ். கந்தோர் என்கிற அலுவலகத்துக்கு நடந்து பத்திரம் எடுத்தால் ஒப்டெயின். காலம் போகப் போகச் சேரும் அறிவுக்கும் காணிக்கும் அக்வயர். நாலு பேரோடு போட்டியிட்டுப் பிடித்த வேலைக்கு செக்யூர். டாக்டரைப் போய்க் கூட்டி வந்தால் ஃபெட்ச். களைத்துப்போனால் பிகம், ஊர் போய்ச் சேர்ந்தால் ரீச், விளங்கினால் அண்டர்ஸ்டேண்ட். ஒத்த சொற்கள் என்று நாம் அடுக்குகிறவை எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்தவை என்று நம்பிவிடாதீர்கள் என்பார். யார் கை நீட்டியது, யார் கையிலிருந்து வந்தது, அதற்கு யார் பாடுபட்டது என்று பார்த்தால் எந்தச் சொல் என்று தானாகத் தெரியும் என்பார்.

ஒருநாள் வீட்டில் நடந்ததைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது, தடுக்கப்பட்ட சொல்லையே போட்டு, 'மை மதர் கொட் ஹாஃப் நேம்' என்றேன். வகுப்பு சிரித்தது. டவுன் பிள்ளைகளுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கிலம். தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருந்த பிள்ளைகளுக்கு அது வெளியே சொல்லக்கூடாத வீட்டுச் சங்கதி. நாளுக்கென்று வைத்த நோம் என்ற அளவுக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்ததை ஊருக்கே அறிவித்துவிட்டேனே என்று எனக்கு முகம் எரிந்தது.

அவர் சிரிக்கவில்லை. வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதினார்.

"தம்பி, அம்மா எடுத்த கொழுந்து எவ்வளவு?"

"நோமுக்கு மேல இருந்திச்சி சேர். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிச்சதுல கொறஞ்சி போச்சி."

"அப்ப அம்மா பாடுபட்டது முழுப்பேருக்கா, அரைப்பேருக்கா?"

"முழுப்பேருக்கு, சேர்."

'ஷீ ஏர்ன்ட் எ ஃபுல் நேம். ஷீ வாஸ் கிவன் எ ஹாஃப்.' இரண்டு வாக்கியங்களையும் பெரிய எழுத்தில் என் வாக்கியத்துக்குக் கீழே எழுதினார். உழைத்தவர் ஒருவர், கொடுத்தவர் இன்னொருவர், நடுவில் குறைந்தது பாதி. 'கொட்' என்று போட்டால் இந்த மூன்றும் மறைந்துபோகும் என்றார். மணி அடித்தும் அன்று அவர் பலகையை அழிக்கவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த ஆசிரியரும் ஓரத்தில் கிடைத்த இடத்திலேயே கணக்குப் போட்டார்.

தமிழ் ஆசிரியர் எங்களுக்கு நன்னூல் நடத்திய நாட்கள் அவை. ஈ, தா, கொடு என்ற மூன்றும் கேட்கிற சொற்கள்தாம், ஆனால் தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ஈ, ஒப்பானவனிடம் கேட்டால் தா, உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் கொடு. நாங்கள் பரீட்சைக்காகப் பாடமாக்கியதை இவர் ஆங்கில வகுப்புக்குள் கொண்டுவந்தார். தொல்காப்பியர் காலத்திலேயே நம்மவர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள், சொல்லைக் கேட்டாலே பேசுகிறவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று தெரிந்துவிடும் என்றார். ரொஜே என்ற ஆங்கில வைத்தியர் பொருள்வாரியாகச் சொற்களைத் தொகுத்து 1852இல் வெளியிட்ட புத்தகத்தை ஒரு கையிலும், நூலகத்துச் சூடாமணி நிகண்டு என்ற பழந்தமிழ்ச் சொல்தொகுதியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, எது மூத்தது என்று எங்களைக் கேட்டது நினைவிருக்கிறதா? உங்களில் சிலர் அந்த வகுப்பில் இருந்தீர்கள்.

அவர் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததன் காரணம் விடுதி மாணவர்களுக்குத் தெரியும். மாலையில் அவர் குவாட்டர்ஸ் வாசலில் தோட்டத்து ஆட்கள் காத்திருப்பார்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சேமலாப நிதி, பிரஜாவுரிமை என்று எல்லாவற்றுக்கும் கடிதம் எழுத வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன இந்திய வம்சாவளிச் சனம் அது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. பெட்டிசம் என்ற மனு எழுதுகிறவர்கள் வழக்கமாக 'ஹம்ப்ளி பெக்', பணிந்து இரக்கிறேன், என்று தொடங்குவார்கள். இவர் அந்த 'பெக்'கை வெட்டிவிட்டு 'அப்ளை' என்று எழுதுவார், அதற்குக் கீழே உரிமை உள்ளவர் என்ற பொருளில் 'என்டைட்டில்ட்' என்று எழுதுவார். இங்கே பிறந்து இங்கே உழைத்தவர் எதற்கு இரக்க வேண்டும் என்று எங்களிடம் கேட்பார். படி எடுத்து எழுதும் வேலை எங்களுக்கு. என் கையெழுத்து திருந்தியது அந்த வாசலில்தான்.

தவணையின் கடைசி வாரம் அவர் வட்டத்தை அழித்துவிட்டுக் கெட்டை எங்களிடம் திருப்பித் தந்தார். ஆங்கிலேயனின் வீட்டுக்குள் புழங்குகிற சொல் இதுதான், கடையில் போய் ஒப்டெயின் என்றால் உங்களை அந்நியனாகத்தான் பார்ப்பான் என்றார். வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழியிலிருந்து வந்த சொல் அது. ஒப்டெயின், ரிசீவ், அக்வயர் எல்லாம் லத்தீன் வழி வந்தவை. கந்தோருக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று என்று அந்த மொழி இரண்டையும் வைத்திருக்கிறது. கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர், கெட் த்ரூ என்று பின்னால் வரும் சொல் மாற மாற பொருள் மாறுவதை அந்த வாரம் முழுக்கப் பேசிப் பேசியே பழக்கினார். கெட் ஓவர் என்பதை ஒரு துக்கத்தைத் தாண்டி வருவது என்று விளக்கியபோது, அதற்கு முந்தைய வருடம் மனைவியை இழந்திருந்த அவர் சற்று நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

கனடாவின் ஸ்கார்பரோவில் எனக்கு இப்போது நாள் முழுக்கக் கெட் கேட்கிறது. 'கென் ஐ கெட் எ கொஃபி' என்கிறார்கள். அவர் கற்பித்தது 'மே ஐ ஹேவ்'. என் மகள் 'கொட்டன்' என்கிறாள். இங்கிலாந்தில் பெரும்பாலும் வழக்கொழிந்து வட அமெரிக்காவில் நிலைத்த பழைய வடிவம் அது என்று அவளுக்குச் சொல்லும்போது, நான் பேசுவது அவர் குரலில் என்று எனக்கே தெரிகிறது.

கனடாப் பிரஜாவுரிமைக்குச் சில வருட வதிவிடமும் ஒரு பரீட்சையும் போதுமானதாக இருந்தது. லயத்தில் பிறந்து, ஐம்பது வருடம் கொழுந்து எடுத்து, அதே தோட்டத்து மண்ணில் அடங்கிய என் பாட்டிக்கு எந்த நாட்டுப் பத்திரமும் இருக்கவில்லை. 2003இல்தான் இலங்கைப் பாராளுமன்றம் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் செய்தியை வாசித்ததும் மாஸ்டருக்கு டெலிபோன் எடுத்தேன். சட்டத்தின் பெயரிலேயே 'கிராண்ட்' என்று இருக்கிறதே சேர் என்றேன். "பாத்தேன் தம்பி. மேல இருந்து கொடுக்கிறவன் சொல்லு. பரவாயில்ல, சனத்துக்குக் கார்ட் வந்து சேரட்டும்" என்றார். அப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஆனாலும் வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அந்தப் பேச்சின் முடிவில், பாடசாலையில் ஆங்கிலத்துக்கு ஆள் இல்லை, வருகிறவர்களும் டவுன் பக்கம் மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றார். என்னை வரச் சொல்லிக் கேட்கவில்லை. அவரிடம் ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்கள் யாரென்று எண்ணிப் பார்க்கிறேன். லண்டனில், டொரன்டோவில், மெல்பர்னில் இருக்கிறோம். ஆங்கிலம் சரியாக வராதவர்கள்தான் ஊரில் நின்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தை நடத்துகிறார்கள், அவருடைய சவப்பெட்டியையும் அவர்கள்தான் சுமந்தார்கள்.

சங்கத்தின் இவ்வருடச் சேமிப்பில் அவர் நினைவாகக் கேடயம் செய்யலாம் என்று ஒரு யோசனை இருப்பதாக அறிகிறேன். வேண்டாம். அந்தப் பணத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு பிள்ளைகளுக்கு ஓர் அகராதி என்று வாங்குவோம். மிச்சத்தை, டவுனுக்கு மாறிப் போகாமல் அங்கேயே நின்று கற்பிக்க முன்வரும் ஓர் ஆங்கில ஆசிரியருக்கு மாதப் படியாகக் கொடுப்போம். நம் ஊர்ப் பிள்ளை ஒருவரே அதற்குக் கிடைத்தால் நல்லது. பொதுக்கூட்டத்தில் இதை முன்மொழிய நான் வருகிறேன்.