பச்சைப்பேட்டைக்கு ரயில் இல்லை

ஸ்டாக்ஹோமில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்வது. பக்கங்களைப் படம் எடுத்துவிட்டு, பத்திரிகையின் பெயர், ஆண்டு, வெளியான ஊர் என்று கணினியில் கட்டங்களை நிரப்ப வேண்டும். அப்போது எனக்கு ஸ்வீடிஷ் அரைகுறைதான்.

ஒருநாள் 'க்ரோன்ஷோப்பிங்ஸ் வெக்கோப்லாட்' வந்தது. க்ரோன்ஷோப்பிங் வாரப் பத்திரிகை என்று பொருள். ஊர்ப் பட்டியலில் லின்ஷோப்பிங் இருந்தது, நோர்ஷோப்பிங் இருந்தது, யோன்ஷோப்பிங்கூட இருந்தது. க்ரோன்ஷோப்பிங் மட்டும் இல்லை. 'ஷோப்பிங்' என்றால் சந்தை கூடும் ஊர், நம்ம 'பேட்டை' மாதிரி. 'க்ரோன்' என்றால் பச்சை. ஆக, பச்சைப்பேட்டை! உள்ளே காவலர், உள்ளூர்க் கவிஞர், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் மிடுக்காக இருந்தார்கள். ஊர் மட்டும் வரைபடத்தில் சிக்கவில்லை. அரை நாள் போனது.

எதிர் மேசை மூத்தவரிடம் கேட்டேன். "அந்த ஊருக்கு ரயில் கிடையாது" என்றார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. நானும் அதைக் குறித்துக்கொண்டேன்!

காபி இடைவேளையில்தான் உண்மையைச் சொன்னார். அப்படி ஓர் ஊரே இல்லை. 1862ல் தொடங்கிய 'சோண்டாக்ஸ்-நிஸ்ஸே' என்ற நகைச்சுவை இதழுக்குள், 1902ல் ஹாஸ்ஸே செட்டர்ஸ்ட்ரோம் என்ற நகைச்சுவை எழுத்தாளர் கிளப்பிவிட்ட கற்பனை ஊர் அது. சின்ன ஊர்ப் பத்திரிகையின் பெருமிதத்தை அப்படியே நடித்துக் காட்டுவதுதான் வேடிக்கை. 1916ல் தனி இதழாகப் பிரிந்தது. பெயரில் வாரம் இருக்கிறது, வருவதோ மாதம் ஒருமுறை.

அதற்குப் பிறகு தாய் இதழின் தொகுப்புகளையும் ஆசையாகப் புரட்டினேன். அதன் ஆசிரியராக இருந்த ஆல்பெர்ட் எங்ஸ்ட்ரோம் வெளியேறி, 1897ல் 'ஸ்ட்ரிக்ஸ்' என்ற போட்டி இதழைத் தொடங்கியவர். பிற்பாடு ஸ்வீடிஷ் அகாடமியிலும் இடம்பெற்றார். எனக்கு அவரைவிட ஒஸ்கர் ஆண்டர்சனைத்தான் பிடித்தது. 'மனதில் தோன்றியதைச் செய்யும் மனிதன்' என்று ஒரு படத்தொடர் வரைந்தார். எரிச்சல் வந்தால் நாம் மனசுக்குள் செய்வதை அந்த ஆள் நிஜமாகவே செய்துவிடுவான். வரைந்தவர் 1906ல், 29 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அந்தத் தொகுப்பை ஸ்கேன் செய்த நாளில் கை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது.

போட்டி இதழ்கள் இரண்டும் 1924ல் ஒன்றாகி, 1955ல் நின்றும் போயின. அவற்றின் ஒரு மூலையில் பிறந்த இல்லாத ஊர் மட்டும் பிழைத்துக்கொண்டது. அற்ப விஷயத்தை அரசாங்கத் தோரணையில் பேசினால், 'க்ரோன்ஷோப்பிங்தனம்' என்ற பொருளில் ஒரு சொல்லே ஸ்வீடிஷில் இருக்கிறது.

சில மாதம் கழித்து, காபிக் கோப்பை கழுவும் முறை பற்றி எங்களுக்கு இரண்டு பக்கச் சுற்றறிக்கை வந்தது. ஏழு உட்பிரிவுகள். கூட்டத்தில் அதை ஒருவர் கர்மசிரத்தையாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் எதிர் மேசைக்காரர் பக்கம் சாய்ந்து, "இந்த ஊருக்கும் ரயில் கிடையாதோ?" என்றேன். மனிதர் காபியைக் கொட்டிக்கொண்டார். அதைத் துடைப்பதற்கும் ஒரு உட்பிரிவு இருந்தது.