மணிச்சத்தும் பாஸ்பரஸும் ஒன்றல்ல: ஒரு தனிமத்தை எல்லாப் பாடத்திலும் படிக்கும் முறை

ஆசிரியர் தேர்வுக்கோ டிஎன்பிஎஸ்சிக்கோ படிக்கிறவர்கள் வழக்கமாகப் பாடவாரியாகத்தான் போவார்கள். வேதியியல் நோட்டில் ஒரு பாஸ்பரஸ், உயிரியல் நோட்டில் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) என்ற பெயரில் இன்னொன்று, வேளாண்மையில் மணிச்சத்து என்று வேறொன்று. மூன்றும் சேர்ந்து ஒரு கேள்வி வந்தால் கை நின்றுவிடும். ஒரு தனிமத்தை எடுத்து, ஒரு வாரம் அதை மட்டும் எல்லாப் பாடத்திலும் துரத்திப் பிடிப்பது இதற்கு நல்ல வழி. முதல் தனிமமாகப் பாஸ்பரஸே இருக்கட்டும். மேலூர் வயலில் உரமூட்டையாகவும், சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டியாகவும், வீடு கட்டும் கம்பியில் வேண்டாத விருந்தாளியாகவும் மதுரைக்காரர் கண்ணில் படுவது அது. புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்காருகிறவர்கள் வேதியியல், மண்ணியல், உலோகவியல் நூல்களை ஒரே மேசையில் விரித்து வைத்துக்கொள்ளலாம்.

40 பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் வரையறை எழுத வேண்டாம். எந்தத் துறை பாஸ்பரஸை எந்த உருவில் கணக்கு வைக்கிறது என்று எழுதுங்கள். பெரும்பாலான மதிப்பெண் இங்கேதான் போகிறது.

உரமூட்டையில் உள்ள 46 விழுக்காடு மணிச்சத்து என்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. டிஏபி என்னும் டை அம்மோனியம் பாஸ்பேட் உரத்துக்குள் அந்தச் சேர்மமே கிடையாது. அது பழைய கணக்கு வழக்கம், அவ்வளவுதான். பென்டாக்சைடின் எடையை 0.436ஆல் பெருக்கினால் பாஸ்பரஸ் வரும். 50 கிலோ மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ, பாஸ்பரஸ் ஏறத்தாழ 10 கிலோ. தண்ணீர்ப் பரிசோதனையில் பாஸ்பேட் என்று இருந்தால் 0.326ஆல் பெருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையில் 2.5 முதல் 4.5 வரை மி.கி. என்று வருவது ஒரு டெசிலிட்டரில் உள்ள பாஸ்பரஸ். அங்கே எதனாலும் பெருக்கக் கூடாது.

இதைப் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து வேண்டும் என்றால் டிஏபி எவ்வளவு? 20ஐ 0.46ஆல் வகுத்தால் 43.5 கிலோ. பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த டிஏபியில் 18 விழுக்காடு தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கிறது: 7.8 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு என்பதால், யூரியாவில் 17 கிலோ குறைக்க வேண்டும். ஏன் அடியுரமாகவே போட வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பாஸ்பேட் மண்ணில் நகராது. மேலே தூவினால் வேருக்குப் போய்ச் சேராது. சுண்ணாம்பு கலந்த கரிசலில் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும், அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். நகராத இதே சத்து மண்ணோடு அரித்துக்கொண்டும் சாக்கடையோடும் கண்மாய்க்குப் போனால் ஆகாயத்தாமரை மூடிவிடும்; சூழலியல் கேள்வி அங்கே முளைக்கும்.

வேதியியலில் வெண் பாஸ்பரஸ், செம்பாஸ்பரஸ் வேறுபாட்டைத் தீப்பெட்டியை வைத்தே படியுங்கள். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் செம்பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். "குச்சி மருந்தில் பாஸ்பரஸ்" என்று எழுதினால் தவறு. உரசும் சூட்டில் செம்பாஸ்பரஸில் துளி வெண் பாஸ்பரஸாக மாறிப் பற்றும். குளோரேட் ஆக்சிஜன் கொடுக்கும். வெண் பாஸ்பரஸ் மூலக்கூறில் பிணைப்புக் கோணம் 60 பாகைதான். அந்த இறுக்கத்தால் அது சற்றேறக்குறைய 30 டிகிரியிலேயே பற்றும். மதுரைச் சித்திரை வெயிலை நினைத்துக்கொண்டால் அதை ஏன் தண்ணீருக்குள் வைக்கிறார்கள் என்பது மறக்காது. தீக்குச்சியில் வெண் பாஸ்பரஸைத் தடைசெய்த பெர்ன் ஒப்பந்தம் 1906.

அமிலங்களில் பாஸ்பாரிக் அமிலம் மூன்று ஹைட்ரஜனையும் தரும், பாஸ்பரஸ் அமிலம் இரண்டு, ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் ஒன்று. மூன்றிலும் இருப்பது மும்மூன்று ஹைட்ரஜன். ஆனால் ஆக்சிஜனோடு ஒட்டியவை மட்டுமே பிரியும், பாஸ்பரஸோடு நேராக ஒட்டியவை பிரியாது.

ஆய்வகத்தில் பாஸ்பேட் சோதனைக்கு அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கி, அம்மோனியம் மாலிப்டேட்டை மிகுதியாக ஊற்ற வேண்டும். குறைத்து ஊற்றினால் மஞ்சள் வீழ்படிவு வராது. பாஸ்பேட் கலந்த சலவைத்தூளால் கழுவிய குழாயில் இல்லாத பாஸ்பேட்டும் தென்படும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அலசிவிடுங்கள்.

பொறியியலில் இரண்டு பக்கம் போதும், ஆனால் அளவை ஒப்பிட்டு எழுத வேண்டும். எஃகில் பாஸ்பரஸ் மிகுந்தால் குளிரில் நொறுங்கும். கந்தகம் மிகுந்தால் சூட்டில் நொறுங்கும். தேர்வில் அடிக்கடி இடம் மாறுவது இந்த இரண்டுதான். எஃப்இ 500 முறுக்குக் கம்பியில் பாஸ்பரஸ் 0.055 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. டெல்லி இரும்புத் தூணிலோ ஏறத்தாழ 0.25 விழுக்காடு இருக்கிறது. அது துருப்பிடிக்காமல் நிற்பதற்கு அந்தப் பாஸ்பரஸே துணை. கம்பிக்குக் கெடுதி, தூணுக்குக் காப்பு!

குறைக்கடத்தியில் அளவு இன்னும் சிறியது. 50 லட்சம் சிலிக்கான் அணுவுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு சேர்த்தாலே மின்தடை லட்சக்கணக்கான மடங்கு குறையும். பாஸ்பரஸின் வெளிக்கூட்டில் சிலிக்கானோடு பிணைய நான்கு போக மிஞ்சும் ஐந்தாவது எலக்ட்ரான் ஏறத்தாழ 0.045 எலக்ட்ரான் வோல்ட்டில் கழன்றுவிடுவதே காரணம்.

உயிரியலில் எலும்பு, ஏடிபி, டிஎன்ஏ என்று மூன்று தலைப்பு. உடலிலுள்ள பாஸ்பரஸில் சுமார் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும். மரபுப்பொருள் புரதமல்ல, டிஎன்ஏதான் என்று காட்ட ஹெர்ஷி, சேஸ் 1952இல் கதிரியக்கப் பாஸ்பரஸையும் கந்தகத்தையும் கொண்டு செய்த சோதனையை இயற்பியலோடு சேர்த்தே எழுதுங்கள்: பாஸ்பரஸ் 32இன் அரை ஆயுள் 14.3 நாள், பீட்டா துகளை விட்டுக் கந்தகம் 32 ஆகும். புரதத்தில் கந்தகம் உண்டு, டிஎன்ஏவில் இல்லை என்பதால்தான் அந்தச் சோதனையே நடந்தது.

அடுத்த வாரம் சிலிக்கான். முதல் பக்கத்தில் சிலிக்கான், சிலிக்கா, சிலிகோன் மூன்றையும் பிரித்து எழுதிவிட்டு, மேலூர்க் கிரானைட்டிலுள்ள குவார்ட்சிலிருந்து தொடங்குங்கள். சிலிக்காவிலிருந்து சிலிக்கானுக்குப் போக 0.467ஆல் பெருக்க வேண்டும்.